வெயிலும் வெக்கையும் ஒன்றல்ல

(எமது சங்கத்தின் மாசி மாத ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டது.)



நான் வைத்தியர் இல்லை. உயர்தரத்தில் உயிரியல் படித்தேன், பெறுபேறு சபையில் சொல்லக்கூடியதாக இல்லை, அத்தோடு படிப்பு நின்றது. அன்றிலிருந்து தொழிற்சாலைதான். அப்படிப்பட்டவன் நோயைப் பற்றிக் கதைக்க வந்து நிற்பது ஏன் என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

சென்ற ஆடி மாதம் எமது சங்கத்தின் விளையாட்டுப் போட்டி நடந்தது. நல்ல வெயில் நாள். சிறுவர் ஓட்டப்போட்டிக்குப் பெயர் கூப்பிட்டபோது ஒரு பிள்ளை ஓடமாட்டேன் என்று அழுதது. தகப்பன் எல்லாருக்கும் முன்னால் பேசிப்போட்டார். "பஞ்சிப் பிள்ளை, வீட்டுக்குள்ள இருந்து கேம் அடிக்கத்தான் சரி" என்றார். நான் அன்று குளிர்பானப் பெட்டிக்குப் பொறுப்பு. சற்று நேரத்தில் அந்தப் பிள்ளை என்னிடம் வந்தது. சோடா கேட்கவில்லை. ஐஸ் தண்ணீருக்குள் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரைக்கும் விட்டுக்கொண்டு பேசாமல் நின்றது. கையில் காயமுமில்லை, கொப்புளமுமில்லை.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. அதே மாதிரி ஐஸுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்ற ஒருவனை 2014ஆம் ஆண்டு சார்ஜாவில் கண்டிருக்கிறேன். அவனுக்கு நான் செய்தது நியாயமில்லை. அந்தப் பெற்றோரிடம் அன்றே போய் அவனுடைய கதையைச் சொன்னேன். அவர்கள்தான் இதை எல்லாருக்கும் சொல்லச் சொன்னார்கள். பிள்ளையின் பரிசோதனை முடிவு அவர்களுக்கும் வைத்தியருக்கும் உள்ள விடயம், அதை இங்கே யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

நான் 2012இல் அமீரகம் போனேன். சார்ஜாவில் அலுமினியக் கதவு, யன்னல் செய்யும் ஒரு தொழிற்சாலை. சஜ்ஜா பக்கம் கேம்ப், ஒரு ரூமில் எட்டுப் பேர். அடுத்த வருடம் சித்திரை மாதம் மட்டக்களப்புப் பக்கத்துப் பெடியன் ஒருவன் எங்கள் ரூமுக்கு வந்து சேர்ந்தான். ஏஜென்சிக்குக் காசு கட்டி, அந்தக் கடனோடு வந்தவன். வெட்டும் மெசினில் போட்டார்கள். தகரக் கூரை, ஆடி ஆவணியில் உள்ளே அனல். நாங்கள் எல்லாரும் வாயைத் திறந்து மூச்சு வாங்குவோம். அவன் சேட்டைப் பிழிந்து உதறிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு வேலை செய்வான். நல்ல வேலைகாரன் என்று போமனே சொன்னார்.

2014 தை மாதம் ஆட்கள் போதாது என்று அவனையும் என்னையும் சைற்றுக்கு அனுப்பினார்கள். கட்டிடத்தின் வெளிப்பக்கம் கண்ணாடி பூட்டும் வேலை. தை மாதம் அங்கே எங்கள் நுவரெலியா மாதிரி இல்லாவிட்டாலும் சுகமான காலம். பகலில் இருபத்துநாலு, இருபத்தைந்து பாகை. காலையில் சுவெற்றர் போடும் ஆட்களும் உண்டு. முதல்நாள் பத்து மணி போல அவன் கையைத் துடையில் தேய்க்கத் தொடங்கினான். பிறகு முகத்தை. இரண்டாம் நாள் மத்தியானம் நிழலில் குந்திக்கொண்டு அழுதான். "எரியுது அண்ணன், உள்ளுக்க எரியுது, ஊசியால குத்துற மாதிரி" என்றான். கையைப் பிடித்துப் பார்த்தேன். கொஞ்சம் வீங்கின மாதிரி இருந்தது, வேறொன்றும் இல்லை. எங்கள் நிறத்தில் சிவப்பும் தெரியாது.

நீங்களே சொல்லுங்கள், யார் நம்புவார்கள்? கோடையில் தகரக் கொட்டிலுக்குள் வெந்தபோது ஒன்றும் சொல்லாதவன், குளிர்காலத்தில் வெயில் சுடுகிறது என்கிறான். கேம்பில் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அது இங்கே வேண்டாம்.

இன்னொன்று நடந்தது. அந்தக் காலத்தில் அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. இரவில் கேம்புக்குப் பக்கத்து மணல் வெளியில், வீதி விளக்கு வெளிச்சத்தில் கிறிக்கற். இவன் வேகப்பந்து போடுவான். தூரத்திலிருந்து ஓடிவந்து போடுவான், நல்ல பந்து. பாகிஸ்தான்காரரே கூப்பிட்டுத் தங்கள் பக்கம் சேர்ப்பார்கள். போமன் ஒருநாள் என்னிடம், "அவனுக்கு உண்மையில் வருத்தமா?" என்று கேட்டார். "இரவில கிறிக்கற் விளையாடுறான்" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து அவனுக்கு உள்வேலை தரும் கதை நின்றது. வராத நாட்களுக்குச் சம்பளம் வெட்டினார்கள்.

பகலில் ஏலாது, இரவில் ஏலும். வெயிலில் ஏலாது, வெக்கையில் ஏலும். அதைப் பொய்க்கு அடையாளம் என்று நாங்கள் எடுத்தோம். அதுதான் அந்த நோயின் அடையாளம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த நோயின் பெயர் எரித்ரோபொயற்றிக் புரோட்டோபோர்பிரியா. நீண்ட பெயர், இ.பி.பி. என்று சுருக்கிச் சொல்கிறேன். 1961இல் லண்டனில் இயன் மக்னஸ் என்ற தோல் வைத்தியரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைத் தனி நோயாக எழுதி வைத்தார்கள். எங்கள் இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம் என்ற பொருள் எலும்பு மச்சையில் பல படிகளாகத் தயாராகிறது. தொழிற்சாலையில் ஒரு பொருள் மேசைக்கு மேசை நகருவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மேசையில் புரோட்டோபோர்பிரின் என்ற பொருளுக்குள் இரும்பைப் பூட்ட வேண்டும். பூட்டுகிற ஆள் ஃபெரோகெலற்றேஸ் என்ற நொதியம். இவர்களுக்கு அந்த ஆள் பிறவியிலேயே குறைவாக வேலை செய்கிறார். ஆகவே இரும்பு பூட்டாத சாமான் மேசையில் தேங்குகிறது. தேங்கினது செங்குருதிக் கலங்களில் நிரம்பி, உடம்பு முழுக்கச் சுற்றுகிறது.

அது சும்மா சுற்றினால் பரவாயில்லை. அது ஊதா வெளிச்சத்தைப் பிடிக்கும் பொருள். 400 முதல் 410 நனோமீற்றர் அலைநீளம் வரையான வெளிச்சத்தை மிகவும் நன்றாக உறிஞ்சும். தோலுக்கடியில் உள்ள மெல்லிய இரத்தக் குழாய்களில் அந்த வெளிச்சம் பட்டால், அங்கேயே ஒட்சிசனைத் தூண்டிவிட்டுக் குழாயின் சுவரைக் காயப்படுத்துகிறது. காயம் உள்ளுக்குள். அதனால்தான் அவன் "உள்ளுக்க எரியுது" என்றான். நாங்கள் வெளியில் தேடினோம்.

இந்த ஊதா வெளிச்சம் நாம் கண்ணால் காணும் வெளிச்சம். சாதாரண யன்னல் கண்ணாடி அதைத் தடுக்காது. கடையில் வாங்கும் சாதாரண சன்கிறீமும் தடுக்காது, அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரைத் தடுக்கச் செய்தது. சிங்க் ஒக்சைட், ரைற்றேனியம் டயொக்சைட், இரும்பு ஒக்சைட் சேர்ந்த, தோலில் நிறமாகப் படியும் தடித்த களிம்புகள்தான் ஓரளவு உதவும். எங்களுடைய கறுத்த தோல் நல்ல பாதுகாப்பு என்று நாங்கள் நினைப்போம். இந்த நோய்க்கு அது போதாது.

கம்பனி பஸ்ஸில் யன்னல் ஓரம் இருந்தால் அவனுக்கு அந்தப் பக்கத்துக் கை எரியும். சீற்றை மாற்றித் தரச்சொல்லிக் கெஞ்சுவான். அதையும் நாங்கள் நடிப்பென்றுதான் நினைத்தோம். கம்பனி அனுப்பிய கிளினிக்கில் வெயில் ஒவ்வாமை என்று ஒரு களிம்பு கொடுத்து, வேலைக்குப் போகலாம் என்று துண்டும் எழுதினார்கள். பிறகு அவன் தன் காசில் போன ஒரு சிறிய கிளினிக்கில், மலையாளத்து நேர்ஸ் ஒருத்திதான் சரியான கேள்வியைக் கேட்டாள். கண்ணாடிக்குள் இருந்தாலும் எரியுமா? சின்னதிலிருந்தே உண்டா? அவன் ஓம் என்றதும், பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கச் சொன்னாள். அவன் போகவில்லை. நோய் என்று எழுதினால் விசாவை வெட்டிவிடுவார்கள் என்ற பயம். கடன் முடியவில்லை. அமீரகத்தில் வேலை செய்த ஆட்களுக்கு அந்தப் பயம் விளங்கும்.

அவன் சின்ன வயதில் வெயிலில் போகாத பிள்ளை. தமக்கைக்கும் அப்படியே. வீட்டில் அம்மம்மா "இதுகளுக்கு வெயில் ஆகாது" என்று சொல்லிக் குடை பிடித்துத்தான் பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கிறா. அம்மம்மாவுக்கு நொதியம் தெரியாது, பிள்ளையைத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அவன் ஏஜென்சியில் உள்வேலை என்று கேட்டு எழுதி வாங்கி வந்தான்.

இனி நான் சொல்ல வந்த முக்கிய விடயம். வெக்கையும் உடல் உழைப்பும் இந்த நோயை என்ன செய்கின்றன?

வெக்கை தனியே இந்த நோயைக் கிளப்புவதில்லை. ஓடினதால், பாரம் தூக்கினதால், வியர்த்ததால் மட்டும் அது வருவதில்லை. வந்திருந்தால் ஆவணி மாதம் தகரக் கூரைக்குள் அவன் செத்திருப்பான். கொளுத்துவது வெளிச்சம். ஆனால் வெளிச்சம் பட்டுத் தோல் ஒருமுறை காயப்பட்டுவிட்டால் கதை மாறும். அதன் பிறகு சூடு பட்டால் வலி கூடும். காற்று அடித்தாலும், துணி உரசினாலும், யாராவது தொட்டாலும் கூடும். உடம்பு உழைத்துச் சூடாகும்போது, சூட்டை வெளியேற்ற இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. எல்லாருக்கும் நடப்பது அது. காயப்பட்ட குழாய்களுக்குள் அந்த இரத்தம் வந்து நிறைந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே அவர்கள் குளிரைத் தேடுவார்கள். ஈரத்துணி, ஐஸ், சீமெந்து நிலம், குளிர்ந்த சுவர். அது கொஞ்ச நேரத்துக்கு ஆறுதல். சாதாரண வலிக்குளிசை பெரிதாகக் கேட்காது.

அதோடு முதல்நாளின் கணக்கும் உண்டு. இன்று வெளிச்சம் பட்டு, சாதுவாக முறுகல் மட்டும் இருந்தாலும், நாளைக்கு அதைவிடக் குறைந்த வெளிச்சமே போதும். பிரித்தானியாவில் 223 நோயாளிகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரையில், 85 வீதமானவர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். வெயிலில் நின்று நோ தொடங்க எடுக்கும் நேரம் நடுத்தரமாக 20 நிமிடம், மோசமான நோ அடங்க 3 நாள். நோய் தொடங்கிய வயது நடுத்தரமாக 1, நோய் என்னவென்று கண்டுபிடித்த வயது 12. பிரித்தானியா போன்ற நாட்டிலேயே ஒரு பிள்ளை பதினொரு வருடம் "பஞ்சிப் பிள்ளை" என்று பேச்சு வாங்கியிருக்கிறது. சஜ்ஜா கேம்பில் என்ன எதிர்பார்க்கலாம்?

இப்போது அந்தக் கிறிக்கற்றுக்கு வருகிறேன். அவன் பகல் முழுக்க உள்ளே நித்திரை கொண்ட வெள்ளிக்கிழமைகளில் நன்றாகப் பந்து போட்டான். பங்குனியில் ஒரு கிழமை வியாழன் முழுநாளும் சைற்றில் நிறுத்தினார்கள். வெள்ளி இரவு விளையாட வந்தான். தன்னால் ஏலும் என்று எங்களுக்குக் காட்டத்தான் வந்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு ஓவர் போட்டான். இரண்டாவது ஓவருக்கு ஓடிவந்தவன் இடையில் நின்றான். வெளிச்சமில்லை, சூரியன் மறைந்து மூன்று மணித்தியாலம். ஆனால் உடம்பு சூடாகிவிட்டது. போய்த் தண்ணீர்ப் பெட்டியைத் திறந்து, ஐஸுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்குத்தான் எனக்கு முதல்தடவையாகச் சந்தேகம் வந்தது. அவன்மேல் அல்ல, என்மேல்.

அதற்குப் பிறகு கோடை. வளைகுடாவில் மத்தியான வேலைத்தடை என்ற சட்டம் உண்டு. அமீரகத்தில் ஆனி 15 முதல் புரட்டாதி 15 வரை, நான் சொல்வது ஆங்கில மாதக் கணக்கு, ஜூன் முதல் செப்டெம்பர், பகல் 12.30 முதல் 3.00 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது. மீறினால் ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்ஹம் அபராதம், ஆகக் கூடியது 50,000. சவூதியில் அதே மூன்று மாதம் 12 முதல் 3. குவைத்தில் ஜூன் முதல் ஓகஸ்ட் முடிய 11 முதல் 4. கட்டாரில் 2021இல் அதை நீட்டி, ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 முதல் பின்னேரம் 3.30 என்று ஆக்கினார்கள். நல்ல சட்டங்கள்தான், பல உயிர்களைக் காத்திருக்கும். ஆனால் அவை வெக்கையை நினைத்துப் போட்டவை. வெளிச்சத்தை நினைத்து அல்ல. இ.பி.பி. உள்ளவனுக்குக் காலை எட்டரை மணி வெயிலும் ஆபத்து. தை மாதச் சுகமான வெயிலும் ஆபத்து. அந்த மாதங்களில் தடையே கிடையாது. வெள்ளை மணலிலிருந்தும், கண்ணாடிக் கட்டிடத்திலிருந்தும் திரும்பி வரும் வெளிச்சம் வேறு.

அவன் தன்னைக் காப்பாற்ற உடம்பை மூடினான். இரண்டு சேட், தடித்த கிளவுஸ், தலையையும் முகத்தையும் சுற்றிச் சால்வை, கண் மட்டும் வெளியே. வெளிச்சத்துக்கு அது சரியான மருந்து. இறுக்கமாக நெய்த தடித்த துணிதான் இந்த நோய்க்கு முதல் பாதுகாப்பு. ஆனால் நாற்பத்திரண்டு பாகை வெக்கையில் அப்படி மூடிக்கொண்டு ஏணி ஏறினால் வேறு ஆபத்து. வியர்வை காயாது, உடம்பு ஆறாது. ஓகஸ்ட் மாதம் ஒருநாள் தலை சுற்றி விழுந்தான். நல்லகாலம் கீழ்த்தட்டில். மூடினால் வெக்கை, திறந்தால் வெளிச்சம். இதற்கிடையில் ஒருவன் எட்டு மணித்தியாலம் வேலை செய்ய ஏலாது. அவனுக்குத் தேவையாயிருந்தது இரவு வேலை, அல்லது அந்தப் பழைய வெட்டும் மெசின். அவ்வளவுதான். அதைக் கொடுப்பதில் கம்பனிக்கு ஒரு திர்ஹமும் நட்டமில்லை.

2015 ஆரம்பத்தில் ஒப்பந்தம் முடிய அவன் ஊருக்குப் போனான். இரண்டு வருடம் கழித்து ஒரு தோல் வைத்தியர் கேட்டு, இரத்தம் வெளியே அனுப்பிச் சோதித்துப் பெயர் தெரிந்தது. எனக்குத் தொலைபேசியில் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னான். "அண்ணன், எனக்கு வருத்தம் இருக்காம்" என்று சந்தோசமாகச் சொன்னான். வருத்தம் இருக்கென்று ஒரு மனிசன் சந்தோசப்பட்டதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இங்கே இருக்கும் பெற்றோருக்கும், வளைகுடாவில் தம்பி, மருமகன் என்று ஆள் உள்ளவர்களுக்கும் நடைமுறையாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

சலத்தைச் சோதித்து ஒன்றுமில்லை என்றால் ஏமாற வேண்டாம். புரோட்டோபோர்பிரின் தண்ணீரில் கரையாது, சலத்தில் வராது. செங்குருதிக் கலத்தில்தான் அளக்க வேண்டும். எடுத்த இரத்தத்தையும் வெளிச்சம் படாமல் சுற்றி அனுப்ப வேண்டும். இரும்புச்சத்துக் குறைந்தாலும், ஈயம் உடம்பில் ஏறினாலும் இரத்தத்தில் ஒரு புரோட்டோபோர்பிரின் கூடும், அது துத்தநாகம் சேர்ந்த வகை. இ.பி.பி.யில் கூடுவது பெரும்பாலும் உலோகம் சேராத வகை. ஆகவே இரண்டையும் பிரித்து அளக்கச் சொல்லிக் கேளுங்கள். வைத்தியரிடம் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

கண்டுபிடித்தால் வருடத்துக்கு ஒருமுறை ஈரல் பார்க்க வேண்டும். தேங்கும் பொருளை ஈரல்தான் பித்தத்தோடு வெளியேற்றுகிறது. சிலருக்குப் பித்தக்கல் வரும், நூற்றில் ஐந்துக்கும் குறைவானவர்களுக்கு ஈரல் கடுமையாகப் பழுதடையலாம். குடிப் பழக்கம் இவர்களுக்கு ஆகாது. வெயிலைத் தவிர்ப்பதால் விற்றமின் டி குறையும், அதையும் பார்க்க வேண்டும். சத்திரசிகிச்சை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், சத்திரசிகிச்சை அறையின் பலத்த விளக்கே காயப்படுத்தும், மஞ்சள் வடிகட்டி போடுவார்கள். அஃபமெலனொரைட் என்றொரு மருந்து உண்டு. அரிசி போன்ற ஒன்றைத் தோலுக்கடியில் வைப்பார்கள், அது தோலைக் கறுக்கச் செய்து தாங்கும் நேரத்தைக் கூட்டும். ஐரோப்பாவில் 2014 முடிவிலும் அமெரிக்காவில் 2019இலும் அனுமதி கிடைத்தது. விலை கூடியது, எல்லா நாட்டிலும் கிடைக்காது.

விளையாட்டை நிறுத்த வேண்டாம். பிள்ளை ஓடட்டும், நீந்தட்டும், பாரம் தூக்கட்டும். வெளிச்சம் படாத இடத்தில், முதல்நாள் வெயில் பட்டிராத உடம்போடு. கையைத் தேய்த்தாலோ, குளிர்ந்த இடம் தேடினாலோ அன்றைக்கு விடுங்கள். அடுத்த இரண்டு நாளும் விடுங்கள்.

எல்லா எரிவும் இதுவல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வெக்கையில் வரும் வேர்க்குரு எங்கள் எல்லாருக்கும் தெரியும். வியர்த்தவுடன், ஓடியவுடன் சின்னச் சின்னத் தடிப்பாக எழும்பி அரை மணித்தியாலத்தில் மறைவது இன்னொன்று, அது சூட்டினால் வருவது, இருட்டில் ஓடினாலும் வரும். மறுபக்கம், சீரோடெர்மா பிக்மென்ரோசம் என்ற பொல்லாத பரம்பரை நோய் உண்டு. வியன்னாவில் ஹெப்ரா, கப்போசி என்ற வைத்தியர்கள் 1874இல் எழுதினார்கள். புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.யில் செய்யும் சேதத்தை உடம்பு திருத்தாது என்று 1968இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டுபிடித்தார். சின்ன வயதிலேயே முகத்தில் புள்ளிகள் விழும், தோல் புற்றுநோய் வரும். வட ஆபிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் ஐரோப்பாவை விடக் கூடுதலாகக் காணப்படுவது. தாயும் தகப்பனும் நல்ல சுகமாக இருப்பார்கள், இருவரிடமிருந்தும் பழுதான பிரதி ஒன்று வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோய். சொந்தத்துக்குள் கலியாணம் செய்யும் சமூகங்களில் அப்படிச் சேர வாய்ப்புக் கூட. அராபியரும் செய்கிறார்கள், நாங்களும் மச்சான் மச்சாள் என்று செய்கிறோம். இ.பி.பி.யும் பெரும்பாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் சேர்ந்து வருவதுதான். ஆகவே மருமகளின் பக்கம் என்று மாமியும், மருமகனின் பக்கம் என்று மற்றவர்களும் சண்டை பிடிக்க இதில் ஒன்றுமில்லை.

அந்தத் தம்பி இப்போது ஊரில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறான். இரவு எட்டு மணிக்குப் போய் விடிய முன்னம் வீட்டுக்கு வருவான். போறணைக்கு முன்னால் நின்று பாண் தட்டு இழுக்கிற வேலை. வெக்கை என்றால் அதுதான் வெக்கை. ஒன்றும் செய்யவில்லை என்கிறான். பகலில் எங்காவது அலுவலாக வெளியே போய் வெளிச்சம் பட்ட நாளில் மட்டும் போறணைக்குக் கிட்டப் போக ஏலாதாம். அன்றைக்கு முதலாளி அவனை மா குழைக்க விடுவார். கேட்காமலே விடுவாராம்.

இந்தக் கூட்டத்துக்கு வர முதல் அவனோடு கதைத்தேன். போமனிடம் கிறிக்கற் கதையைச் சொன்னது நான்தான் என்று இத்தனை வருடத்துக்குப் பிறகு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தெரியும் அண்ணன், அப்பவே போமன் சொன்னவர்" என்றான். பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டான். எத்தனை வயது, எந்தக் கை கூட எரியுது, கிளவுஸ் வாங்கிக் கொடுத்தாச்சா என்று. "ஓட்டத்தை இரவில வையுங்களன்" என்றான். இங்கே ஆடி மாதம் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் என்று அவனுக்குத் தெரியாது.

ஆகவே நிர்வாக சபையிடம் ஒரு விண்ணப்பம். வருகிற ஆடி விளையாட்டுப் போட்டியில் சிறுவருக்கான ஒரு ஓட்டத்தையாவது மைதானத்துக்குப் பக்கத்திலுள்ள பாடசாலையின் உள்மண்டபத்தில் வைக்க முடியுமா? எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக, ஒரு பிள்ளைக்கென்று சொல்லாமல். மண்டபத்தின் யன்னல் சீலையை நான் வந்து பூட்டித் தருகிறேன். யன்னல் வேலை எனக்குத் தெரிந்த வேலை.